மூன்றாம் வரிசை நாற்காலி

அன்பு மகளுக்கு,

அப்பா நலம். தன் வீட்டில் நீ தேறி வருகிறாய் என்று உன் அண்ணன் சொல்கிறான். அவன் சொல்வதில் பாதியையாவது நம்பலாம் என்ற தைரியத்தில் இதைச் சொல்கிறேன். சொல்கிறேன் என்றால், நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுத் தையல்காரம்மா எழுதுகிறாள். நான் பேசுகிற பேச்சை அப்படியே எழுதினால் டீச்சரான உனக்கு அனுப்புகிற மாதிரி இருக்காதாம். அங்கங்கே இஸ்திரி போட்டுத்தான் எழுதுவாளாம். போடட்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். முடித்ததும் படித்துக் காட்டச் சொல்வேன், ஒரு வார்த்தை மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உன் அண்ணி கேட்டாள். போனில் நான் பேசுகிறேன், அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "கேட்டுக்கிட்டுதான் இருக்காப்பா, நீங்க பேசுங்க" என்கிறான் உன் அண்ணன். கிணற்றுக்குள் பேசினால்கூட ஏதாவது ஒரு சத்தம் திரும்பி வரும். போன தடவை பேசி வைத்த பிறகு, என்னதான் பேசினோம் என்று நினைத்துப் பார்த்தேன். தண்ணீர் மோட்டார் ரிப்பேரானதையும், அதைப் பார்க்க வந்தவன் திருப்புளியை மறந்து வைத்துவிட்டுப் போனதையும் கடைசிவரைக்கும் சொல்லியிருக்கிறேன். கழுத்தில் ஆபரேஷன் செய்த புண் ஆறிவிட்டதா என்று கேட்கவில்லை. தூங்குகிறாயா என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வராதே என்ற பயம்தான். கடிதத்தில் அந்தப் பயம் இல்லை. கடிதம் எழுதினால் யாருக்கும் உடனே பதில் வருவதில்லை.

கழுத்தில் கட்டிக்கொள்ள மெல்லிய பருத்தித் துணியில் சில பட்டைகள் தைத்துக் கொடுத்திருக்கிறாள் தையல்காரம்மா. இத்தோடு அனுப்புகிறேன். ஓரம் மடித்துத் தைத்தால் உறுத்தும் என்று கையால் பின்னியிருக்கிறாள். ஏதோ கருவியைக் கழுத்தில் வைத்துப் பேசலாம் என்று டாக்டர் சொன்னதாகவும், நீ வேண்டாம் என்று தலையாட்டிவிட்டதாகவும் அண்ணன் சொன்னான். அது உன் இஷ்டம். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

நான் பேச வந்தது வேறு. உன் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் வீட்டுக்கு வந்திருந்தார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. நீ அனுப்பிய ராஜினாமாவைக் கையோடு கொண்டுவந்து எனக்குப் படித்துக் காட்டினார். "குரல் போன ஒருத்தி பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்க முடியாது. என் இடத்தில் வேறொருவரைப் போட்டுக்கொள்ளுங்கள்." ஒரே தடவைதான் படித்தார், போதுமானதாக இருந்தது. இதை அவர் இன்னும் மேலே அனுப்பவில்லையாம், மாதக் கடைசிவரைக்கும் மேஜைக்குள் வைத்திருப்பாராம், அதற்குப் பிறகு தன் கையில் இல்லை என்றார். நீங்கள் பேசினால் கேட்பாளா என்றார். கேட்பாள், ஆனால் அவள் நினைத்ததைத்தான் செய்வாள் என்றேன். அப்படியானால் வந்து மேடைத் திரையையாவது தீட்டிக் கொடுங்கள், பிள்ளைகள் நாடகத்தைப் பாதியில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றார். ஊரில் பாதிச் சுவருக்கு வர்ணம் அடித்த கை. சும்மா கிடந்து துரு ஏறுவதற்கு அது மேல் என்று போனேன்.

உன் நாடகக் கூடத்துக்குள் நான் வந்ததே இல்லை, கவனித்தாயா? நீ வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாசல் கேட்டோடு சரி. உள்ளே வந்ததும் பழைய பெஞ்சு வாசனை. மேடைத் திரையின் கயிறு பாதி வழியில் சிக்கி நிற்கிறது. இடது பக்கச் சுவரில் ஈரம் ஏறிப் பட்டிப் பூச்சு உப்பியிருக்கிறது. அதைச் சுரண்டாமல் மேலேயே அடித்தவன் யாரோ, அவனை என் கண்ணில் காட்டாதே.

இப்போது உன் வகுப்பைப் பார்த்துக்கொள்வது விளையாட்டு மாஸ்டர். நல்ல மனிதர், பாவம். யாராவது மேடைக்கு வர வேண்டும் என்றால் விசில் ஊதுகிறார். போக வேண்டும் என்றாலும் விசில். மலைப்பாதையில் நின்றுபோன பஸ்ஸும் அதில் மாட்டிக்கொண்ட பயணிகளும்தானே கதை. இவர் ஊதுகிற ஊதலில் அந்த பஸ்ஸே கிளம்பிப் போய்விடும் போல இருந்தது. நான் இதைச் சொன்னதும் பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்துவிட்டார். "எனக்கு இதுதான் தெரியும் பெரியவரே, பந்து இல்லாம ஒரு கூட்டத்தை எப்படி ஓட்டுறதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரலையே" என்றார்.

திரையில் மலை தீட்டினேன். பச்சை கலந்துகொண்டிருந்தேன். பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கிறாளே, ஏழாம் வகுப்புக்காரி, அவள் பக்கத்தில் வந்து நின்று, மலை ஊதா நிறம் தாத்தா என்றாள். எந்த ஊரில் ஊதா மலை என்றேன். "பஸ்ஸுக்குள்ள இருந்து, சாயங்காலம், எறங்கவும் முடியாம பார்த்தா ஊதாதான்" என்றாள். யோசித்துப் பார்த்தேன், அவள் சொன்னது சரி. டப்பாவைத் திரும்பக் கழுவினேன். நீ இவளைப் பற்றி வீட்டில் சொல்லும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவாய். அது ஏன் என்று இப்போது புரிகிறது.

இனி நான் செய்த கோளாறைச் சொல்ல வேண்டும்.

நாடகத்தை நீ எழுதி வைக்கவில்லை. பேசிப் பேசியே செய்தது, காகிதம் கிடையாது. நீ போன பிறகு அவர்களுக்கு நடுநடுவே மறந்துபோயிருந்தது. பஸ் நின்றதும் கல்யாணத்துக்குப் போகிற அத்தைக்காரி ஏதோ சொல்லிக் கத்த வேண்டும். அந்தப் பெண் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள். ஏணியில் நின்றிருந்த நான் என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்: "வண்டி நின்னா நிக்கட்டும், முகூர்த்தம் நிக்குமா?" அடுப்படியில் நின்று நீ சொல்லிச் சொல்லிப் பார்ப்பாயே, அப்படியே, கடைசி வார்த்தையில் மேலே ஏற்றி. கூடமே திரும்பிப் பார்த்தது. ஒருத்தி அழுதுவிட்டாள். டீச்சர் மாதிரியே சொல்கிறீர்கள் தாத்தா என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. மேடை ஓரத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அத்தைக்காரி, வியாபாரி, பரீட்சைக்குப் போகிறவன், பஸ் டிரைவர் என்று எல்லாருக்கும் வசனம் எடுத்துக் கொடுத்தேன். நீ எங்கே நிறுத்துவாய், எங்கே மூச்சு வாங்குவாய், எங்கே கரண்டியை வைத்துவிட்டுச் சொல்வாய், எல்லாம் எனக்கு இருக்கிறது. விளையாட்டு மாஸ்டர் விசிலைப் பைக்குள் போட்டுவிட்டு, உங்களுக்கு எப்படி இத்தனையும் ஞாபகம் இருக்கிறது என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் குரல் போகவில்லை, என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், உன் குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது. அந்தப் பிள்ளைகளைச் சொல்ல வைத்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் முடிவதற்குள் நாடகம் செத்துவிட்டது. வியாபாரியும் உன்னை மாதிரிப் பேசுகிறான், அத்தைக்காரியும் உன்னை மாதிரிப் பேசுகிறாள். பஸ் முழுக்க நீயே ஏறி உட்கார்ந்திருந்தாய். யாரும் யாரையும் பார்ப்பதில்லை, அடுத்த வரிக்கு எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். எனக்கு அதுவும் தெரியவில்லை. கம்பிக்காரிதான் முன்னால் வந்து நின்றாள். "தாத்தா, கோவிச்சுக்காதீங்க. டீச்சர் எங்களுக்கு வசனம் சொல்லித் தந்ததே இல்ல. நாங்க சொல்றதைக் கேட்டாங்க. அவ்வளவுதான் செஞ்சாங்க" என்றாள்.

கோபம் வந்தது. அப்படியானால் வீட்டில் அவள் தினமும் சொல்லிப் பார்த்தது என்ன என்று கேட்டேன். அத்தைக்காரிப் பெண் மெதுவாகச் சொன்னாள், அது நாங்கள் சொன்னது தாத்தா, அவர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று.

மகளே, இத்தனை வருஷம் அடுப்படியில் நான் கேட்டது உன் பாடம் என்று நினைத்திருந்தேன். அது அந்தப் பிள்ளைகளின் பேச்சு. அவர்கள் சொன்னதை நீ வாயில் போட்டு ருசி பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய்.

பிறகு அவர்கள்தான் எனக்கு எல்லாவற்றையும் காட்டினார்கள். மூன்றாம் வரிசையில் நடைபாதை ஓரமாக ஒரு நாற்காலி. ஒரு கை உடைந்து சணல் கட்டியிருக்கிறதே, அது. அங்கேதான் நீ உட்காருவாயாம். நடிக்கிறவர்களை நடுவில் நிறுத்தக் கூடாது என்று ஒரு வார்த்தை பேச மாட்டாயாம். காது மடலைப் பிடித்தால் கேட்கவில்லை என்று அர்த்தம். தலையைச் சாய்த்தால் நம்பவில்லை. உள்ளங்கையை நெஞ்சில் வைத்தால் வந்து சேர்ந்தது. அது ஒன்றுக்காகத்தான் உயிரை விட்டு நடிப்போம் தாத்தா என்றான் வியாபாரி. நீ போனதிலிருந்து அந்த நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. விளையாட்டு மாஸ்டர் தெரியாமல் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டாராம். எல்லாரும் நடிப்பை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்களாம், அவர் எதற்கு என்று தெரியாமலே எழுந்துவிட்டார். வெறும் நாற்காலியைப் பார்த்துத்தான் நடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாமல் மேலே நின்று வர்ணம் அடித்துக்கொண்டிருந்தேன்.

என்னை உட்காரச் சொன்னார்கள். வாயைத் திறக்கக் கூடாது, அந்த மூன்றை மட்டும் செய்ய வேண்டும் என்று நிபந்தனை. உட்கார்ந்தேன். பிள்ளைகள் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஒருத்தன் வந்தான், நெஞ்சில் கை வைத்தேன். ஒருத்தி வந்தாள், நெஞ்சில் கை வைத்தேன். ஒருவன் வசனத்தை மறந்து திருதிருவென்று விழித்தான், அதற்கும் வைத்தேன். "தாத்தா பொய் சொல்றாரு" என்று மேடையிலிருந்தே கத்தினாள் கம்பிக்காரி. "எல்லாத்துக்கும் கை வச்சா எங்களுக்கு எது நல்லாருக்குன்னு எப்படித் தெரியும்? டீச்சர் எங்க மேல இரக்கமே படமாட்டாங்க" என்றாள். உன்னைப் பற்றி ஒருவர் இதைவிட உயர்வாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

டிரைவராக நடிக்கிற நெட்டையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு. குரல் உடைந்துகொண்டிருக்கிறது அவனுக்கு. ஒரு வார்த்தை தடித்து வருகிறது, அடுத்த வார்த்தை கீச்சென்று போகிறது. மற்றதுகள் சிரிக்கின்றன. நீ இருந்தபோது இந்தத் தொல்லை தொடங்கவில்லை போலிருக்கிறது. நடிக்க மாட்டேன் என்று ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் போய் நானும் உட்கார்ந்தேன். அவனே கேட்டான், டீச்சருக்கும் என்னை மாதிரித்தான் ஆகிவிட்டதா என்று. உனக்குத் திரும்ப வந்துவிடும் தம்பி, அவளுக்கு வராது என்றேன். பிள்ளைகளிடம் மழுப்பினால் உனக்குப் பிடிக்காது. அவன் எழுந்து மேடைக்குப் போனான்.

வண்டி இனி ஓடாது என்று டிரைவர் எல்லாருக்கும் சொல்கிற இடம். பெரிய வசனம் அது, எனக்கு வரிக்கு வரி தெரியும். அவன் பேசவில்லை. இல்லாத வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தான். இல்லாத துணியில் கையைத் துடைத்தான். விரல் இடுக்கெல்லாம் துடைத்தான். வண்டியின் முன்மூடியை மெதுவாகச் சாத்தி, தூங்குகிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினான். அப்புறம் படியில் உட்கார்ந்து பயணிகள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். அத்தைக்காரிக்கு முகம் விழுந்துவிட்டது. அவள் கத்தவில்லை, போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

அவர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தபோதுதான் பார்த்தேன், என் கை நெஞ்சில் இருந்தது. எப்போது போனது என்று தெரியாது. "இப்ப பொய் சொல்லல" என்றாள் கம்பிக்காரி.

வீட்டுக்கு நடந்து வரும்போது உன் ஆறாம் வகுப்பு நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூட மேடையில் நீ ஏறினாய். வெளிர்நீலச் சட்டை, இடது தோளில் பொத்தான் வேறு நிறம், உன் அம்மா தைத்தது. ஒரு வார்த்தை வரவில்லை உனக்கு. இறங்கி வந்துவிட்டாய். வீட்டுக்கு வந்து, நான் தூரிகை கழுவிக்கொண்டிருந்தபோது, முழுவதையும் மடமடவென்று எனக்குச் சொல்லிக் காட்டினாய். அங்கே ஏன் வரவில்லை என்று கேட்டேன். "அங்க எல்லாரும் பார்த்துக்கிட்டுதான்பா இருந்தாங்க, யாரும் கேட்கல" என்றாய். அதற்காகத்தான் நீ அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாய் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. எத்தனையோ பிள்ளைகளுக்கு மேடையில் வார்த்தை வந்தது அதனால்தான்.

உன் ராஜினாமாவில் எழுதியிருந்ததைப் பெரிய டீச்சர் படித்தபோது எனக்குச் சரி என்றுதான் பட்டது. இப்போது அப்படிப் படவில்லை. அந்த நாற்காலியில் உட்காருவதற்குக் குரல் வேண்டியதில்லை. காது இருக்கிறது, கண் இருக்கிறது, இரக்கம் காட்டாத மனசும் இருக்கிறது. அண்ணன் வீட்டில் அவை மூன்றும் சும்மா இருக்கின்றன.

இன்னொன்று. இதைச் சொல்வதற்கு முன்னால் தையல்காரம்மாவைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னேன். எழுதுகிறவளை வெளியே அனுப்பிவிட்டால் யார் எழுதுவது என்று திட்டிவிட்டுத் திரும்ப உட்கார்ந்திருக்கிறாள். ஆகையால் அவள் இருக்கும்போதே சொல்கிறேன்.

உன் அண்ணன் ஒருநாள் போனை வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு உன்னிடம் பேசியது எனக்குக் கேட்டது. "அங்க போய் என்ன செய்வே? உனக்குப் பேச முடியாது, அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சுவரையா பார்ப்பீங்க?" அவன் மேல் தப்பில்லை, உண்மையைத்தான் சொன்னான். உன் பதில் எனக்குக் கேட்கவில்லை. கேட்காதுதானே. ஆனால் நீ ராஜினாமா எழுதியது அதற்கு அடுத்த வாரம். பள்ளிக்கூடம் மட்டும்தான் காரணம் என்று பெரிய டீச்சர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை.

சுவரைப் பார்ப்பது எனக்குப் புதிதில்லை, வாழ்நாள் முழுக்க அதைத்தான் பார்த்தேன். ஆனாலும் சொல்கிறேன், கேள். புதன்கிழமை உன் வகுப்பில் யாரும் பேசக் கூடாதாமே. நீ வைத்த வழக்கம், பிள்ளைகள் இன்னும் விடவில்லை. என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குத் தாகம் என்று காட்டினேன், ஏணியைக் கொண்டுவந்து போட்டார்கள். அவ்வளவு லட்சணம் என் நடிப்பு. அதற்கடுத்த புதன்கிழமை தண்ணீரே வந்தது. பசி, போதும், வலிக்கிறது, தூக்கம் வரவில்லை, கதவைச் சாத்து, எல்லாம் காட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். "உன் அம்மா ஞாபகம் வந்தது" என்பதை எப்படிக் காட்டுவது என்று கம்பிக்காரியிடம் கேட்டேன். அதற்குத் தனியாக ஒன்றும் வேண்டாம் தாத்தா, நினைத்துக்கொண்டாலே தெரியும் என்றாள்.

நம் வீட்டில் எல்லா நாளும் புதன்கிழமையாக இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் தப்பாகப் புரிந்துகொள்வேன், நீ தலையைச் சாய்ப்பாய், மறுபடி பார்ப்பேன். உன்னிடம் இரக்கம் எதிர்பார்க்கவில்லை.

திரை முடிந்துவிட்டது. ஊதா மலைதான். பெரிய டீச்சரிடம் நான் எந்தப் பதிலும் சொல்லவில்லை, மேஜைக்குள் இருப்பது அப்படியே இருக்கிறது. நெட்டையன் தினமும் ஒரு விதமாக வண்டி மூடியைச் சாத்துகிறான், எது சரி என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு எல்லாமே நன்றாக இருக்கிறது. அதனால் என்னிடம் கேட்பதை விட்டுவிட்டான். நாற்காலியின் உடைந்த கைக்குப் புது மரம் வைத்து ஆணி அடித்து மெருகு போட்டிருக்கிறேன். காய்ந்துவிட்டது, துணியில் ஒட்டாது.

பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்துக்கொள்ளாதே, டாக்டரிடம் காட்டு. அண்ணனோடு சண்டை போடாதே, அவனுக்கு உன் மேல் உயிர். கழுத்துப் பட்டையைத் தினம் மாற்று. நீ நூறு வயது இருக்க வேண்டும், உன் கண்ணும் காதும் உன்னைவிட ஒரு நாள் கூடுதலாக இருக்க வேண்டும், இதுதான் அப்பாவின் ஆசீர்வாதம்.

நான் சொன்னதெல்லாம் உனக்கு வந்து சேர்ந்தால் நெஞ்சில் கை வை. இங்கிருந்து எனக்குத் தெரியாது அம்மா. நான் பார்க்கிற தூரத்தில் வந்து நின்று வை.

இப்படிக்கு,
பெருவிரல் ரேகையோடு,
உன் அப்பா

(ரேகை ஊதாவாக இருக்கிறதே என்று பயப்படாதே. மலை வர்ணம், கழுவியும் போகவில்லை.)